வள்ளிக்கு யார் மடி?

போன மாதம் மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். அநாதைப் பிள்ளைகளைத் தத்து எடுக்கிற வீடுகளுக்கும், வளர்க்க வாங்கிக்கொள்கிற வீடுகளுக்கும் போய்ப் பார்த்துத் துணை நிற்பதற்கென்று இப்போது தனிப் படிப்பே வந்துவிட்டதாம். இவர்கள் அதைப் படிக்கிறவர்கள். கையில் அச்சடித்த கேள்வித்தாள் வைத்திருந்தார்கள். வாங்கிப் பார்த்தேன். "வளர்ப்புப் பெற்றோர் குழந்தையிடம் அன்பாக இருக்கிறார்களா?" என்று ஒரு கேள்வி. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எந்த ஊரில் எவள் இதற்கு இல்லை என்று பதில் சொல்லுவாள்?

"எங்கள் ரிஜிஸ்டரில் இந்தக் கேள்வியே கிடையாதம்மா. இதற்குப் பதிலாக வேறொன்று இருந்தது" என்று வாயைக் கொடுத்தேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டார்கள். அப்படியே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன்.

நான் வடுகபட்டிக்காரி. கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷன் போய்ச் சேர்ந்தார். மதுரையில் மருத்துவச்சிப் படிப்பு இரண்டு வருஷம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெந்நீர் போட்டது பாதி நாள், வசவு வாங்கியது பாதி நாள். முடித்ததும் உத்தமபாளையத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வேலை கிடைத்தது. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முந்தி இது.

அப்போது பள்ளத்தாக்கு முழுக்க மலைக்காய்ச்சல். மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போன பெண்கள் மேலேயே செத்துப்போவார்கள். கைக்குழந்தையை யாராவது துணியில் சுற்றிக் கம்பம் மெட்டு மலைப்பாதை வழியாக இறக்கிக் கொண்டுவந்து எங்களிடம் போட்டுவிட்டுப் போவார்கள். பசும்பாலைத் தண்ணீர் கலந்து புட்டியில் கொடுத்துப் பார்த்தோம், பாதிப் பிள்ளை தங்கவில்லை. அதனால் இல்லத்தை நடத்திய டாக்டரம்மா ஒரு முடிவு செய்தார்கள். தன் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுப் பால் கட்டி அவதிப்படும் தாய் எந்த ஊரில் இருக்கிறாள் என்று விசாரிப்பது, அவள் சம்மதித்தால் குழந்தையை அவளிடம் விடுவது. மாதாமாதம் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். அதற்கு ஆறு பெண்களைப் பொறுக்கியெடுத்து மூன்று மாதம் பழக்குவார்கள். பழக்குகிற வேலையில் டாக்டரம்மாவுக்கு அடுத்தபடி நான்.

டாக்டரம்மா தஞ்சாவூர்ப் பக்கம். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. எங்களை நீ, வா, போ என்று சொன்னால் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். "வாங்க பாக்கியம்மா" என்று மரியாதை வந்துவிட்டால் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறேன் என்று தெரிந்துகொள்வேன்.

அவர்கள் சொல்லிக் கொடுத்ததில் புத்தகம் ஒன்றும் இல்லை. காலையில் கஞ்சி ஊற்றும் நேரத்துக்குப் போகாதே, மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டுவாய். காடு கழனியிலிருந்து திரும்பிக் கைகால் கழுவியபின் போ. குழந்தையின் முகத்தைப் பார்க்காதே, அதை உனக்காகத்தான் கழுவியிருப்பாள். பிடரியைப் பார், காது மடலுக்குப் பின்னால் பார், தொடை மடிப்பில் விரலை விட்டுப் பார். தினமும் குளிப்பாட்டுகிறாளா இல்லையா என்பது அங்கே தெரியும். பிள்ளை அழகு என்று வாயைத் திறந்து சொல்லித் தொலைக்காதே.

எடை பார்க்கிறதுதான் பெரிய வம்பாக இருந்தது. துணித் தூளியில் குழந்தையைப் போட்டுத் தராசில் தொங்கவிட்டு, இவ்வளவு பவுண்டு என்று சத்தமாய்ச் சொன்னால் தீர்ந்தது. கண் பட்டுவிட்டது என்று அடுத்த மாதம் பிள்ளையை ஒளித்துவைத்து விடுவார்கள். டாக்டரம்மா ஒருநாள் தேனி மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் எடையும் முந்தானைக்கு அடியில் போய்விட்டது. போன மாதத்தைவிட எத்தனை பவுண்டு கூடியதோ அத்தனை விரலைத் தாயின் உள்ளங்கையில் அழுத்துவோம். கூடியிருக்கும் பத்துப் பேருக்கும் தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும். அவள் முகத்தில் வருமே ஒரு சிரிப்பு, அடேயப்பா!

பழகுகிற பெண்களுக்கு ஒத்திகை உண்டு. டாக்டரம்மா சிடுமூஞ்சி மாமியாராக உட்கார்ந்துகொள்வார்கள். இவர்கள் ஒவ்வொருத்தியாக வந்து பேசி உள்ளே நுழைய வேண்டும். "பிள்ள தூங்குது, நாளைக்கி வா" என்று அவர்கள் எங்கள் ஊர்ப் பேச்சைத் தஞ்சாவூர் வாயால் இழுத்துச் சொல்லும்போது நாங்கள் சிரித்து உருளுவோம். அவர்கள் மட்டும் சிரிக்க மாட்டார்கள்.

இப்போது ரிஜிஸ்டருக்கு வருகிறேன். வளர்ப்பு வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அதில் கடைசிக் கட்டம், "மடி யார்?" என்பது.

அது ஏன் வந்தது என்றால், எனக்கு முந்தி நடந்த ஒரு விஷயம். ஒரு பெண்பிள்ளையை உயிராய் வளர்த்த புருஷனும் பெண்டாட்டியும் காலராவில் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். எட்டாம் நாள் சொந்தக்காரர்கள் வீட்டைப் பூட்டினார்கள். ஆறு வயசுப் பிள்ளையை வண்டிப்பேட்டையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். ஆண்பிள்ளை என்றால் தத்துப் பத்திரம் எழுதலாம். பெண்பிள்ளைக்கு அந்தக் காலத்துச் சட்டத்தில் தத்தே கிடையாது. பிறகு என்னதான் அவளுக்குப் பத்திரம்? காதுகுத்துதான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து ஊர் பார்க்கக் காது குத்திவிட்டால் அவள் அந்த வீட்டுப் பிள்ளை, யாரும் வெளியே தள்ள முடியாது. அதனால் டாக்டரம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்: வளர்த்தவளின் அண்ணனோ தம்பியோ மடி கொடுத்தால் பிள்ளை அங்கே நிரந்தரம். இல்லாவிட்டால் மூன்று வயசு முடிவதற்குள் இல்லத்துக்குத் திரும்பி வந்துவிட வேண்டும்.

சுருளிப்பட்டி பேச்சியம்மாள் விஷயத்தில் இந்தக் கட்டம்தான் என் மூக்கை உடைத்தது.

பேச்சிக்கு இரண்டு பிள்ளை பிறந்து இரண்டும் நிற்கவில்லை. இரண்டாவது போன ஐந்தாம் நாள் நானே வள்ளியைக் கொண்டுபோய் அவள் மடியில் போட்டேன். பிறந்து பத்து நாள்கூட ஆகாத, எலிக்குஞ்சு மாதிரி ஒரு பிள்ளை. அதன் தாய் தோட்டத்தில் காய்ச்சலில் இறந்தவள். பெயர்கூடத் தெரியாது. பேச்சியின் புருஷன் முத்தையா வயலும் ஒரு ஜோடி மாடும் வைத்திருந்த சாதுவான மனுஷன். வள்ளிக்கு இரண்டரை வயசானபோது அவள் அந்த வீட்டில் போட்ட ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! என் தராசுத் தூளியில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிப்பாள்.

எல்லாம் சரி, கடைசிக் கட்டம் மட்டும் காலி. பேச்சிக்குக் கூடப்பிறந்தவர் ஒரே அண்ணன், தேவாரத்தில் நிலக்கடலை வியாபாரம் பண்ணும் வீரணன். பேச்சி போய்க் கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றாராம். அடுத்த மாதமும் "பாக்கலாம்", அதற்கடுத்த மாதமும் அதே. எனக்குப் பொறுமை போய்விட்டது. பேச்சியின் சித்தப்பா மகன் கருப்பணன் கம்பத்தில் இருந்தான். அவனும் அண்ணன் முறைதானே? போய்க் கேட்டேன். கறிச்சோறு உண்டு என்றால் அவன் யாருக்கும் மடி கொடுப்பான். சரி என்றுவிட்டான். பேச்சியிடம் சொன்னபோது அவள் ஒன்றும் பேசாமல் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ரிஜிஸ்டரில் "கருப்பணன், கம்பம்" என்று முத்து முத்தாக எழுதினேன். முத்தையாவிடம் சொல்லிக் காதுகுத்துக்கு நாளும் குறிக்க வைத்தேன்.

அதே ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருத்தன் மடியில் பிள்ளையை வைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் பேனாவைப் பிடித்ததும் கட்டம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்த சந்தை நாளிலேயே செய்தி தேவாரத்துக்குப் போய்விட்டது. மறுநாள் நாங்கள் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது வாசலில் வண்டி வந்து நின்றது. முறுக்கு மீசையும் தோளில் துண்டுமாக ஒரு ஆள் உள்ளே வந்தார்.

"இங்கன பாக்கியம்கிறது யாரு?"

நான் எழுந்தேன்.

"நான் எப்பத்தா செத்தேன்? ஏன் எனக்கே சொல்லல? சொல்லியிருந்தா கோடித்துணியவாவது வாங்கி வச்சிருப்பேன்ல!"

 "இல்லங்க... கருப்பணனும் ஒங்க பங்காளிதான..." என்று உளறினேன்.

"கருப்பணனா? அவன் மடியில நான் எங்க வீட்டு ஆட்டுக்குட்டியக்கூட வைக்க மாட்டேன்! சந்தையில நாலு பேரு எங்கிட்ட துக்கம் கேக்குறாக. எந்தங்கச்சிக்கு அண்ணன் இல்லன்னு முடிவு பண்ண நீ யாரு?"

டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்கள். மன்னிப்புக் கேட்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கையைக் கூப்பி, "உக்காருங்க. மோர் கொண்டுவரச் சொல்றேன். நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இந்தப் பொண்ணுங்களுக்குப் பாடம் நடக்குது. மாமன் மடி கொடுக்கிறதுன்னா என்னன்னு எனக்குச் சரியாச் சொல்லித்தரத் தெரியல. நான் வெளியூர். நீங்க சொல்லுங்களேன்" என்றார்கள்.

கோபமாக வந்த மனுஷன் ஆறு பெண்களுக்கு முன்னால் திகைத்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். முதலில் முறைப்பாகத்தான் ஆரம்பித்தார்.

"என்னத்தச் சொல்ல? காது குத்துறப்ப சும்மா ஒக்காந்து எந்திரிக்கிறதுன்னு நெனச்சீகளா? பிள்ள ஆளாச்சுன்னா பச்ச ஓல வெட்டிக் குச்சுக் கட்டணும். ஆரு? மாமன். கலியாணத்துல கையப் பிடிச்சு மணவறையில கொண்டாந்து விடணும். மாமன். புருசன் வீட்டுல ஒரு சொல்லுச் சொல்லிட்டாகன்னு அழுதுக்கிட்டு நின்னா, மொத வண்டி கட்டிக்கிட்டுப் போயி என்னாய்யான்னு கேக்குறது மாமன். ஆத்தாளும் அப்பனும் இல்லாமப் போயிட்டா பிள்ளையத் தூக்கியாந்து எங்கன வைப்பீக? மாமன் வீட்டுலதான் வைக்கணும்!"

"இதைத்தான் மூணு மாசமா இவங்களுக்குச் சொல்லிட்டிருக்கேன். நீங்க ஒரே மூச்சுல சொல்லிட்டீங்க" என்றார்கள் டாக்டரம்மா.

வீரணன் குரல் இறங்கிவிட்டது. "அதுக்குத்தான் தாயி யோசிக்கிறேன். எனக்கு ரெண்டு மகனுக. நான் மடி குடுத்துட்டா அவனுகளுக்கு இவ மொறப்பொண்ணு. ஊரு சும்மா இருக்குமா? இவ யாரு, எந்தச் சாதி, அப்பன் பேரு என்னான்னு கேக்கும். எனக்குச் சொல்லத் தெரியணும்ல? ஒங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

பழகவந்த பெண்களில் ஜெயம் என்று ஒரு துடுக்குக்காரி. நல்ல மனசுதான். "அவ ஒங்க ஆளுகதான்யா, கங்காணி சொன்னாக..." என்று ஆரம்பித்துவிட்டாள். தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கிற அந்தக் கங்காணியை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

"ஜெயம், நீங்க கொஞ்சம் வெளியே போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றார்கள் டாக்டரம்மா. அந்த "நீங்க" எதற்கு என்று எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. பிறகு அவர் பக்கம் திரும்பினார்கள்.

"தெரியாதுங்க. அவளைப் பெத்தவ ஏலத்தோட்டத்துல கூலி. காய்ச்சல்ல செத்துட்டா. பேரைக்கூடக் கேட்டு வைக்க ஆளில்ல. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். நாளைக்கு யாராவது வந்து இதுக்கு மேல சொன்னா நம்பாதீங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். மோரைத் தொடவே இல்லை.

வண்டிச் சத்தம் அடங்கியதும் என் முறை வந்தது. "பாக்கியம்மா, நான் உங்களைக் கட்டத்தை நிரப்பச் சொன்னேனா, அந்தப் பிள்ளைக்கு ஆள் இருக்கான்னு பார்க்கச் சொன்னேனா?" என்று கேட்டார்கள். நான் அழுதேன்.  பிறகு, கருப்பணன் வேண்டாம், குறித்த நாள் குறித்தபடி இருக்கட்டும், வீரணன் வந்தால் பிள்ளை அங்கே, வராவிட்டால் அன்று மத்தியானமே நீங்கள் அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றார்கள். அதைப் பேச்சியிடம் போய்ச் சொல்ல வேண்டியதும் நான்தான்.

இதைச் சொல்கிறபோது எப்படி உட்கார வேண்டும் என்றுகூட நாங்கள் பெண்களுக்குப் பழக்கியிருக்கிறோம். நின்றுகொண்டு சொல்லாதே, சொல்லிவிட்டு ஓடாதே, அவள் வைதால் எதிர்த்துப் பேசாதே. அன்றைக்கு எனக்கே அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது! வள்ளி என் பையைக் கவிழ்த்து எடைக்கல்லை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். பேச்சி கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க அண்ணன் ரோசக்காரருன்னு ஒங்களுக்குத் தெரியாது? நான் கொஞ்சங்கொஞ்சமாக் கரைச்சுக்கிட்டு இருந்தேன். இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா வந்திருப்பாக. நீங்கதேன் கெடுத்தீக."

"ஆமா பேச்சி. நான்தான் கெடுத்தேன்."

"வராமப் போனாகன்னா சொல்லிட்டேன், பிள்ளையத் தூக்கிக்கிட்டு மலையேறிருவேன். நீங்களும் ஒங்க டாக்டரம்மாவும் தேடிக்கிட்டுத் திரிங்க."

அப்புறம் எழுந்துபோய்ச் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் தொப்பென்று வைத்தாள். "சாப்புடுங்க. வெயில்ல வந்திருக்கீக" என்றாள். 

காதுகுத்து அவர்கள் குலசாமி கோயிலில், சுருளிப்பட்டிக்கு வெளியே. நான் இல்லத்து வண்டியில் போய் இறங்கினேன். வண்டிக்குள் சின்னப் பாயும் போர்வையும் இருந்தன. அவை எதற்கு என்று பேச்சிக்கும் தெரியும். அவள் வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை. பொங்கல் பொங்கி இறக்கியாயிற்று. ஆசாரி தங்கக் கம்பியைத் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெயில் ஏறியது. "நல்ல நேரம் போகப்போகுது, யாராவது ஒக்காருங்கப்பா" என்று ஒரு பெரியவர் சொன்னார். முத்தையா, "இன்னும் செத்த நேரம்" என்றார். கருப்பணன் வேண்டாம் என்று சொல்லியும் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். அவன்கூட வாயைத் திறக்கவில்லை. நான் மனசுக்குள் வேண்டாத தெய்வமில்லை. அந்தப் பிள்ளையைப் பேச்சி கையிலிருந்து எப்படிப் பிடுங்குவேன்? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஆற்றுப் பக்கமிருந்து கொட்டுச் சத்தம் கேட்டது.

முன்னால் ஒரு அம்மாள், தலையில் சீர்த்தட்டு. வீரணனின் பெண்சாதி. பின்னால் தட்டுத் தூக்கிக்கொண்டு நாலு பேர். இரண்டு மகன்கள். எல்லாருக்கும் பின்னால் வீரணன், யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு. அந்த அம்மாள் தட்டை இறக்கி வைத்ததும் வைக்காததுமாக, "மூணு நாளாச் சோறு திங்கல இந்த மனுசன். போறதா வேண்டாமா, போறதா வேண்டாமான்னு. நான்தான் சண்ட போட்டுக் கெளப்பிக் கூட்டியாந்தேன். ஆசாரி, ஆகட்டும்!" என்றாள்.

வீரணன் உட்காரவில்லை. கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

"ஒரு பேச்சு. இவளப் பெத்தது யாருன்னு எனக்குத் தெரியாது. டாக்டரம்மாளுக்கும் தெரியாது. எம் மகனுக்கு இவளக் கட்டுவேன்னு இப்பச் சொல்ல மாட்டேன், கட்ட மாட்டேன்னும் சொல்ல மாட்டேன். அது வளந்து அதுக பாடு. எந்தங்கச்சி வளத்த பிள்ளைக்கு நான் மாமன். இத ஒத்துக்காதவுக இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம்."

யாரும் எழுந்து போகவில்லை. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "வாத்தா" என்று கையை நீட்டினார். பேச்சி பிள்ளையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு விட்டாளே ஒரு அழுகை! ஆசாரி கம்பியை ஏற்றினார். வள்ளி போட்ட கூச்சல் கம்பம் வரைக்கும் கேட்டிருக்கும். மாமனின் மீசையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அவர் கண்ணிலும் தண்ணீர், மீசை வலியோ வேறென்னவோ.

காது குத்தியதும் மருந்து போட்டு, மூன்று நாள் பழுக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. பஞ்சும் புட்டியுமாக நான் கிட்டே போனேன். வீரணன் பிள்ளையை அணைத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"வேண்டாம். எம் மருமக காத எங்களுக்குப் பாக்கத் தெரியும். அந்தத் தராசு, நோட்டு, எல்லாத்தையும் மூட்ட கட்டுங்க. இனிமே நிறுத்துப் பாக்குறேன், எழுதிக்கிறேன்னு ஒருத்தியும் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கப்படாது. விருந்தாளியா வாங்க, எல போடுறோம்."

என் உத்தியோகத்தில் எத்தனையோ பேரிடம் வசவு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு மாதிரி சந்தோஷமாக ஒருநாளும் வாங்கியதில்லை. மருந்தைப் பேச்சியிடம் கமுக்கமாகக் கொடுத்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

இல்லத்து வாசலில் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார்கள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பாய் சுருட்டியபடியே கிடந்தது.

"என்ன சொன்னார்?"

"இனிமே வரப்படாதுன்னுட்டாகம்மா."

"நல்லாச் சொன்னார்" என்று சொல்லி, ரிஜிஸ்டரை எடுத்துவரச் சொன்னார்கள். கருப்பணன் பெயரை அடித்துவிட்டு வீரணன் பெயரை என் கையாலேயே எழுத வைத்தார்கள். நான் பண்ணின தப்பால்தானே அவருக்கு ரோசம் வந்தது என்று மெதுவாக ஆரம்பித்தேன். "அவர் வராம இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார்கள்.  அதற்குப் பிறகு பழக்கிய எல்லாப் பெண்களுக்கும் இந்தக் கதையை, என் தப்போடு சேர்த்து, முதல் பாடமாகச் சொல்லிவிடுவேன்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு வீடு பார்க்க அந்த வழியாக வண்டியில் போனேன். முத்தையா வீட்டுக்கு முன்னால் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். காது ஆறியிருக்கிறதா, எடை கூடியிருக்கிறதா, பிடரி சுத்தமாக இருக்கிறதா? கை தானாகப் பைக்குள் போய்விட்டது. வண்டிக்காரரும் பழக்கத்தில் மாட்டை இழுத்துப் பிடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வீரணனின் இளைய மகன் விருந்துக்கு வந்திருந்தான் போலிருக்கிறது. வள்ளி அவனைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்து முதுகில் மொத்திக்கொண்டிருந்தாள். "அத்தே, ஒங்க மகளப் பாருங்க!" என்று அவன் உள்ளே பார்த்துக் கத்தினான்.

"நிறுத்த வேண்டாம், ஓட்டுங்க" என்றேன்.